அவளுக்கு மேடை பயம்

ஜூன் 3, புதன்

சபையில் என் புதன் வேத வகுப்புக்கு இன்று ஐந்து பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். பாதியில் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "விட்டுருச்சுபோல இருக்கு" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் வழக்கம்போல முன் வரிசையில் தூங்கினார். நாவடக்கம் பற்றிய வசனங்கள். மூன்று தலைப்பாகப் பிரித்து, மூல மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தேடி எடுத்து, ஒரு வாரம் உழைத்திருந்தேன். பகல் முழுக்க வண்டியில் கார் ஓட்டப் பழகும் கத்துக்குட்டிகளோடு தொண்டை வற்றக் கத்திவிட்டு, சாயங்காலம் சபையில் வந்து நின்று மென்மையாகப் பேசுவது லேசுப்பட்ட காரியமா. ஒன்பது வருடமாகச் செய்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று கேட்டேன்.

"சின்னவளுக்கு வாய்ஸ் மெசேஜ். காலையில அனுப்பணும்ல, இப்பவே பேசி வைக்கிறேன்."

சின்னவள் அவள் தங்கை. ஆபரேஷன் முடிந்து தினமும் ரேடியேஷனுக்குப் போய்வருகிறாள், வேறு ஊரில். அவளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று ஏப்ரலில் இருந்து காலைதோறும் ஒரு ஞான வசனம், அதோடு வீட்டில் நடந்த ஏதாவது ஒன்று, ஐந்து நிமிடம் பேசி அனுப்புகிறாளாம். நல்ல காரியம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஜூன் 8, திங்கள்

எழுதவா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

காலையில் ஒரு நர்ஸம்மாவுக்கு டிரைவிங் வகுப்பு. நல்ல பெண், ஆனால் கிளட்ச்சை மிதிப்பதற்கு முன் ஒரு முறை கண்ணை மூடித் திறக்கும். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். "சார், கேட் திறக்கிற வரைக்கும் ஒண்ணு கேட்டுக்கட்டுமா? தினம் கேப்பேன், இன்னைக்கு மிஸ்ஸாயிருச்சு" என்று போனை எடுத்து வைத்தது.

வண்டிக்குள் என் மனைவியின் குரல்.

சண்டைக்காரி மனைவியையும் அடைமழையில் ஒழுகுகிற வீட்டையும் ஒப்பிடும் அந்த வசனம். நான் அதை மூன்று முறை நடத்தியிருக்கிறேன், மிகவும் கனமாக. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க வீட்டு அடுப்படிக் குழாய் ரெண்டு மாசமா சொட்டுது. எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார், நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுவார். முதல்ல குழாய் மட்டும்தான் சொட்டுச்சு. அப்புறம் நானும் சொட்ட ஆரம்பிச்சேன். வசனத்தைப் படிச்சுட்டுப் பொண்டாட்டியைத் திருத்தறதுக்கு முன்னாடி, ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுப் பாருங்கன்னுதான் எனக்குத் தோணுது." பிறகு குரலைத் தாழ்த்தி, நாம் யார் வீட்டில் எந்தக் குழாயைச் சொட்டவிட்டு வைத்திருக்கிறோம் என்று யோசிக்கச் சொன்னாள்.

நர்ஸம்மா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தது. "எங்க ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் இவங்க குரலைக் கேட்டாத்தான் பொழுது விடியும் சார். இவங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவர்."

"கேட் திறந்தாச்சு, ஃபர்ஸ்ட் போடுங்க" என்றேன். மூல மொழி பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயைச் சரிசெய்தாயிற்று. இனி எதை உதாரணம் சொல்வாள் பார்ப்போம்.

ஜூன் 11, வியாழன்

மகள் இப்போது எனக்கும் அனுப்பிவிடுகிறாள். இவள் அதையே சொன்னாள். "எங்க வீட்டுல ஒருத்தர் கேட்டுக்கிட்டார், குழாய் நின்னுருச்சு, நானும் நின்னுட்டேன்." எங்கள் வீட்டு ஒருத்தருக்கு ஊர் முழுக்க வாழ்த்து.

சின்னவள் இதையெல்லாம் ஆபரேஷனின்போது வார்டில் பழகியவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள், அவர்கள் நர்ஸுகளுக்கு, நர்ஸுகள் வீட்டுக்கு, அப்படியே போயிருக்கிறது. இவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இவள் கவுன்ட்டருக்கு நேரே மட்டும் ஆட்கள் நிற்கிறார்களாம், பக்கத்து கவுன்ட்டர் காலியாக இருந்தாலும். "அம்மா ஃபேமஸ்ப்பா" என்கிறாள் மகள். நான் செய்தித்தாளைத் திருப்பினேன். படித்த பக்கத்தையே திருப்பியிருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது.

எனக்கு என்ன வந்தது? அவள் என் மனைவி. சொல்வது நல்ல விஷயம். கேட்பவர்கள் நோயாளிகள். இதில் எரிய என்ன இருக்கிறது?

எரிகிறது.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் வந்து கை குலுக்கினார். "நீங்க சிஸ்டரோட வீட்டுக்காரர்தானே?"

ஒன்பது வருடம் அந்த இடத்தில் பாடம் நடத்தியவனை!

வேதத்தின் ஞான வசனங்களில் தேதிக்கு ஓர் அதிகாரம் படிப்பது என் பழக்கம். இன்று பதினான்கு. பொறாமை எலும்புருக்கி என்று சொல்லும் வசனம் அங்கேதான் இருக்கிறது. அதை வேகமாகக் கடந்து அடுத்ததற்குப் போனேன். போன வருடம் அதே வசனத்துக்கு நான் எடுத்த குறிப்பு ஓரத்தில் இருந்தது: "பிறருக்கு எடுத்துச் சொல்லவும்."

ஜூன் 16, செவ்வாய்

மதியம் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவள் இதுவரை பேசிய அத்தனையையும் கேட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். நன்றாக இருக்கிறது. சனியன், நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17, புதன்

வகுப்புக்கு மூன்று பேர். முடிந்ததும் போதகர் என்னைத் தனியாக அழைத்தார்.

அடுத்த மாதம் சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் சேரும் ஒருநாள் கூடுகை. பெரிய மண்டபம். "இந்த வருஷம் முதல் செய்தி, ஞான வசனங்களை வீட்டிலயும் வேலையிலயும் எப்படிக் கடைப்பிடிக்கிறதுன்னு வச்சுக்கலாம்னு இருக்கோம் பிரதர்."

மூன்று வருடமாக ஜாடைமாடையாகச் சொல்லிவந்திருக்கிறேன். என் தலைப்பு. என் வசனங்கள். எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்றுகூட ஒரு நொடி யோசித்துவிட்டேன்.

"சிஸ்டரைப் பேசச் சொல்லலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க? அவங்ககிட்ட நான் கேக்கட்டுமா?"

நான் சொன்னதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன். "அவளுக்கு மேடை பயம் ஐயா. மைக்கைப் பார்த்தாலே கை நடுங்கும். நீங்க கேட்டா மறுக்கவும் முடியாம, ஒத்துக்கவும் முடியாம தவிப்பா. கேக்காம விட்டுடறதுதான் அவளுக்கு நல்லது."

எவ்வளவு அக்கறையான கணவன். குரல்கூடப் பிசகவில்லை.

அப்படியானால் நீங்களே பேசுங்கள் என்று என்னைக் கேட்பார் என்று நின்றேன். தாடியைத் தடவியபடி, "அப்ப பக்கத்துச் சபை டீச்சரம்மாவைக் கேட்டுப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனார்.

ஜூன் 18, வியாழன்

இன்று யாரையும் வண்டியில் திட்டவில்லை. எல்லாரும் நன்றாக ஓட்டினார்கள் என்று தோன்றியது. சாப்பாடு நன்றாக இறங்கியது. இப்படியும் ஒரு நிம்மதி இருக்கிறதா?

ஜூன் 21, ஞாயிறு

கூடுகையை அறிவித்தார்கள். டீச்சரம்மாவின் பெயரைச் சொன்னபோது, முன்னால் இருந்த பெண்கள் திரும்பி இவளைப் பார்த்தார்கள். இவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எதையோ தேடினாள். அப்போது பாட்டு எதுவும் இல்லை.

மத்தியானம் துணி மடித்துக்கொண்டே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை. "எல்லாரும் சொன்னாங்க, இந்த வருஷம் நீங்கதான் பேசணும்னு. நானா ஆசைப்படல. ஆனா சொல்லச் சொல்ல ஆசை வந்துருச்சு. என்ன பேசலாம்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்." ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம். நான் பேசறது அவ்வளவு நல்லா இல்லையோ? உங்களுக்கு என்ன தோணுது? நீங்க இத்தனை வருஷமா நடத்தறவர், உங்களுக்குத் தெரியும்ல."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மெசேஜ் வேற, மேடை வேற."

"ஆமா" என்றாள். "அதுவும் சரிதான்."

நம்பிவிட்டாள். என்னிடம் கேட்டாள், நான் சொன்னேன், நம்பிவிட்டாள்.

ஜூன் 23, செவ்வாய்

காலையில் குரல் இல்லை. நேற்றும் இல்லை.

ஜூன் 24, புதன்

இன்றும். மகள் கேட்டாள், "என்னம்மா, நிறுத்திட்டியா?" தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அடுப்படிக் கதவு திறந்தே கிடக்கிறது. வேலைக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுகிறாள். வகுப்பில் இன்று என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவர்களுக்கும் இருக்காது.

ஜூன் 26, வெள்ளி

நர்ஸம்மா இன்று கேட்டில் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டது. "அந்த அம்மா வரவேயில்ல சார் இந்த வாரம். யாரோ ஏதோ சொல்லிட்டாங்கபோல. நல்லா பேசறவங்களை விட மாட்டாங்களே."

நான் வேண்டியது இதைத்தான். வண்டிக்குள் அமைதி. சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே?

மதியம் சின்னவள் கூப்பிட்டாள். எனக்கு அவள் போன் செய்வதே அபூர்வம். குரல் நைந்துபோயிருந்தது.

"அத்தான், அக்காவுக்கு என்ன? கேட்டா ஒண்ணுமில்லங்கறா. என்கிட்ட மறைக்காதீங்க, அவளுக்கும் ஏதாவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லம்மா. வேலை ஜாஸ்தி."

"இல்ல... அந்த மெஷினுக்குள்ள அசையாம படுத்துக்கிடக்கணும் அத்தான். காலையில அவ சொன்னதை மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே கிடப்பேன். அந்தக் குழாய்க் கதையை நினைச்சுச் சிரிச்சு, அசையாதீங்கன்னு திட்டு வாங்கினேன். இந்த வாரம் நினைக்கறதுக்கு ஒண்ணுமில்லாம மேல பார்த்துட்டுக் கிடக்கேன். அவ்வளவுதான். சும்மா கேட்டேன். அவகிட்ட சொல்லாதீங்க, பாவம்."

போனை வைத்துவிட்டு வண்டியை எடுக்க முடியவில்லை. நான் அவளுடைய மேடையை மட்டும்தான் பறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27, சனி

சொல்லிவிட்டேன்.

அவள் ஷிஃப்ட் முடியும்போது கடைக்குப் பின்புறம் வண்டியோடு நின்றேன். வெயில் சாயவில்லை. "என்ன அதிசயம், கூப்பிட வந்திருக்கீங்க" என்று ஏறினாள். நான் வண்டியைக் கிளப்பவில்லை. போதகர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு, "என்ன சொன்னீங்க? அதே வார்த்தையில சொல்லுங்க."

சொன்னேன்.

"மேடை பயமா? எனக்கா?" கோபமாகக்கூட இல்லை, விலாசம் கேட்கிற மாதிரி கேட்டாள். "காலேஜ்ல பேச்சுப் போட்டியில கப் வாங்கினவ நான். அந்தக் கப் நம்ம வீட்டுலதான் இருக்கு. அதுலதான் நீங்க பேனா போட்டு வச்சிருக்கீங்க."

எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அந்தக் கப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்ததில்லை.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

வகுப்பில் எத்தனை முறை உச்சரித்திருக்கிறேன் அந்தச் சொல்லை. சொந்த வாயில் சொந்தக் கணக்கில் வரும்போது ஒரு சின்னப் பையன் மாதிரி வந்தது. "பொறாமை."

"என் மேலயா?"

"ஆமா."

"வேற எவளையாவது பார்த்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள். "நல்லா இல்லையோன்னு உங்ககிட்டதானே கேட்டேன். உங்ககிட்ட."

கதவைத் திறந்து இறங்கினாள். பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். பின்னாலேயே வண்டியை ஊர்ந்துகொண்டு போனேன், முட்டாள் மாதிரி. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

இப்போது அந்தக் கப்பைத் துடைத்து அவள் அலமாரியில் வைத்துவிட்டேன். பேனாக்கள் மேசைமேல் உருண்டு கிடக்கின்றன.

ஜூன் 28, ஞாயிறு

ஆராதனைக்கு முன்னாலேயே போனேன். போதகர் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை அவர், முடித்துவிட்டுத்தான் பார்த்தார்.

"டீச்சரம்மா தயாராயிட்டாங்க பிரதர். இனி மாத்தினா அவங்களுக்குக் கஷ்டம்."

"தெரியும் ஐயா. மாத்தச் சொல்லல. அவ மறுத்தான்னு நீங்க நினைச்சிட்டிருக்கக் கூடாது. அவளைக் கேக்கவே இல்ல. அவ்வளவுதான்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை. "ஒரு விஷயம் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. புதன் வகுப்பு உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அவர் சுருட்டி வைத்த வயரைப் பார்த்தேன்.

"கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம். நீங்க சும்மா வந்து உட்காருங்க. கேளுங்க."

ஒன்பது வருடம், ஒரு வாக்கியத்தில். நியாயம்தான். நியாயம் என்று எழுதினால் வலிக்காதா என்ன?

ஜூலை 1, புதன்

சாயங்காலம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து மகளிடம் திட்டு வாங்கினேன்.

அவள் என்னிடம் பேசுவது: சாவி. பால். பொண்ணுக்குப் புத்தகம் வாங்கணும்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி அனுப்புகிறாள். தங்கைக்காக. சின்னவள் என்னிடம் பேசியதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தாள். ஆனால் மறைத்து வைக்க இனி என்னால் ஆகாது என்று சனிக்கிழமையே ஒரு தாளில் எழுதி அவள் கண்ணில் படும்படி வைத்துவிட்டேன். நேரில் கேட்க அவள் தயாராக இல்லை. இன்று, கேட்டு முடிக்குமுன் பதில் சொல்கிறவனைப் பற்றிய வசனம். கேட்டேன். என் கதை இதோ வரும், இதோ வரும் என்று. வரவில்லை. கடைக்கு வந்த ஒரு காது கேளாத பெரியவரைப் பற்றிப் பேசினாள். என் சாயல்கூட இல்லை. அவள் நினைத்திருந்தால் ஊர் முழுக்க என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம். அவள் இடத்தில் நான் இருந்தால்? அந்தச் சந்தர்ப்பத்தை விட்டிருப்பேனா?

ஜூலை 5, ஞாயிறு

பேசினாள். கேஸ் தீர்ந்துவிட்டது என்று.

ஜூலை 11, சனி

கூடுகை. அவள் போக மாட்டாள் என்று நினைத்தேன். காலையிலேயே புறப்பட்டு நின்றாள். "நான் வராம இருந்தா எல்லாரும் வேற மாதிரி நினைப்பாங்க. வண்டியை எடுங்க."

மண்டபம் நிறைந்திருந்தது. டீச்சரம்மா நிதானமாகப் பேசினார். கோபத்தைப் பற்றிச் சொன்னது நன்றாக இருந்தது, கடைசியில் கொஞ்சம் இழுத்துவிட்டார். எனக்கு ஒவ்வொரு வரியிலும், இங்கே இவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்றுதான் ஓடியது. அவள் குறிப்பு எடுத்தாள். முடிந்ததும் கை தட்டினாள், பிறகு மேடைக்குப் போய் டீச்சரம்மாவின் கையைப் பிடித்துப் பேசிவிட்டு வந்தாள்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றோம்.

"நீ பேசியிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அதைச் சொல்லாதீங்க. இப்பச் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. பச்சை விழுந்தது, கிளம்பினேன். கொஞ்ச தூரம் போனபின் அவளே பேசினாள்.

"எனக்கும் இருந்துச்சு. டீச்சரம்மா மேல. ஆரம்பத்துல ஒரு வார்த்தைகூட காதுல ஏறல. அவங்க புடவையையே பார்த்துட்டிருந்தேன். சாயம் போன மாதிரி இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கேட்டேன். உட்கார்ந்தாச்சு, கேக்காம என்ன பண்றது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுக்காக நீங்க பண்ணினதும் இதுவும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க. நான் யார் வாயையும் மூடல."

"இல்ல, நினைக்கல."

இரண்டு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய நீண்ட பேச்சு இதுதான்.

ஜூலை 15, புதன்

சின்னவளுக்கு ரேடியேஷன் முடிந்தது. போனில் அக்காவும் தங்கையும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். "அத்தான்கிட்ட குடு" என்று சின்னவள் கேட்டிருக்கிறாள். இவள் ஒரு கணம் யோசித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

சாயங்காலம் சபையில் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். போதகரே நடத்தினார். போஸ்ட்மாஸ்டர் தூங்கவில்லை. அதுவும் கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்வானேன்.

ஜூலை 19, ஞாயிறு

மத்தியானம் வராந்தாவில் இருந்தேன். அவள் போனோடு வந்தாள். "நாளைக்கு அனுப்பறது. கேட்டுச் சொல்லுங்க."

இதுவரை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டியதில்லை. நின்றுகொண்டே கேட்டேன். பிறர் வீட்டுக்கு அடிக்கடி போகாதே என்கிற வசனத்தை எடுத்து, போனில் பிறர் வாழ்க்கைக்குள் நாளெல்லாம் எட்டிப் பார்ப்பதைப் பற்றிப் பேசியிருந்தாள். எனக்கு இது தோன்றியதே இல்லை. அந்தப் பழைய எரிச்சல் ஒரு தடவை தலைகாட்டிவிட்டுப் போயிற்று. போகவில்லை அது, இருக்கிறது. இருக்கும்போல.

"நல்லாருக்கு" என்றேன்.

"நல்லாருக்குன்னு சொல்ல ஊர்ல ஆள் இருக்கு. எனக்கு உங்ககிட்ட அது வேணாம்."

யோசித்தேன். "முடிவு நீளம். பக்கத்து வீட்டம்மா கதை சொன்னியே, அவங்க கதவைச் சாத்தினதோட நிறுத்திரு. அதுக்கப்புறம் நீ விளக்கம் சொல்ற. நான் வகுப்புல செய்யற மாதிரி."

என்னையே பார்த்தாள். நான் எதற்காகச் சொல்கிறேன் என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வை இன்னும் நாளாகும் போகிறதுக்கு. பிறகு மறுபடி ஒரு முறை போட்டுக் கேட்டாள், தனக்குள் தலையசைத்தாள்.

"ஆமா. நீளம்தான்."

அடுப்படிக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. பேச ஆரம்பித்து, நிறுத்தி, "ஃபேன் சத்தம் விழுது" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

போய் ஃபேனை நிறுத்தினேன். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். கழுத்தில் வேர்வை இறங்கியது. துடைக்காமல், அவள் பேசி முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.